இடது காது

எங்கள் பக்கத்தில் ப்ராக்டிகல் தேர்வுக்கென்று ஒரு மரியாதை உண்டு. வேறு பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னலாக வரும் ஆசிரியருக்கு முதலில் இளநீர், அப்புறம்தான் தேர்வு. வேதியியல் லேபில் கொடுத்த உப்பு என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் முழிக்கும்போது, லேப் உதவியாளர் மேசைகளைத் துடைத்துக்கொண்டே நடப்பார். போகிற போக்கில் உப்பின் பெயர் அவர் வாயிலிருந்து தானாக உதிரும். சரியாக அந்த நேரம் எக்ஸ்டர்னலுக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைப் பார்க்கத் தோன்றும். எல்லோருக்கும் முழு மார்க். ஒரு மார்க் குறைத்துப் போட்டவரை ஊரே கொலைகாரரைப் பார்ப்பது போலப் பார்க்கும்.

நான் மங்கையர்க்கரசி, இயற்பியல் டீச்சர். எத்தனையோ பள்ளிகளுக்கு எக்ஸ்டர்னலாகப் போய் எத்தனையோ வேப்பமரங்களைப் பார்த்தவள்.

பன்னிரண்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வை அரசு மொத்தமாக எடுத்துவிட்டபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க இயந்திரங்கள் வந்துவிட்டன, இனி வேலை செய்யத் தெரிந்த கைதான் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நியாயம்தான். ஒரு மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்திருந்தது. பிளஸ் டூ சான்றிதழ் போய், 'பணித்திறன் சான்று' வந்தது. மின்சாதனம், தையல், குழாய் வேலை, நோயாளி பராமரிப்பு என்று பிரிவுகள். பழுதான பொருளைக் கையில் கொடுப்பார்கள், பிள்ளை அதைச் சரிசெய்து காட்ட வேண்டும். அந்த மார்க்தான் எல்லாம்.

மார்க் போட மனிதர்களை நம்ப முடியாது, இளநீர் குடித்துவிடுவார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கண்ணாயிரம் வந்தது. அதற்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் உண்டு. கூரை முழுக்கக் கேமராக்களைப் பார்த்த பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. தேர்வு எழுதும் பிள்ளையின் (எழுதும் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது) இரண்டு மணிக்கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் காப்பு மாட்டுவார்கள். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எவ்வளவு அழுத்துகிறது எல்லாம் கண்ணாயிரத்துக்குப் போய்விடும். முந்தைய வருடங்களில் அதிக மார்க் வாங்கிய கைகளோடு இந்தக் கையை ஒப்பிட்டு அது மார்க் போடும். எக்ஸ்டர்னலுக்கு மிச்சமிருந்த வேலை, சாயங்காலம் கட்டைவிரல் வைத்து ஒப்புதல் தருவது மட்டும்தான்.

கண்ணாயிரம் இளநீர் குடிக்காது. ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த வருடம் என்னைச் சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் ஞானதிரவியம் வாசலிலேயே நின்றார்.

"வாங்க டீச்சர். என்னா வெயிலு! மொதல்ல இளநி குடிங்க, பெறகு ஹாலுக்குப் போவோம்."

குடித்தேன். ஹாலில் மேசைக்கு ஒரு மிக்சி வைத்திருந்தது. மின்சாதனப் பிரிவு ஆசிரியர் முப்புடாதி ஓரமாகக் கைகட்டி நின்றார்.

"எல்லாம் எங்க வாங்குனது சார்?" என்று கேட்டேன்.

"ஊர்ல வீடு வீடாக் கேட்டு வாங்குனது டீச்சர். பூராவும் பழுதுதான்" என்றார் தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்க்காமல்.

மிக்சிகளின் மேல் வருடக்கணக்கான தூசி படிந்திருந்தது. அடியில் திருகாணிகள் மட்டும் புத்தம் புதுசாக மின்னின. இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிற மிக்சிகளை வாங்கி, ஆசிரியர்களே பழுது போட்டு வைப்பது எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிற காரியம். ஒன்றில் ஒயரை வெட்டிவிடுவார்கள், ஒன்றில் சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். இப்படி ஓர் ஐந்து விதப் பழுது. கடைசி வாரம் முழுக்க எந்த மேசைக்கு எது என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி. தேர்வு நாளில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போய்ப் பழுதில் கை வைக்கும். பழைய உப்புதான், இப்போது திருகாணி போட்டு வந்திருக்கிறது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒரு வேப்பமரம் இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் மிக்சிகளைக் கவிழ்த்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருகு, திற, தொடு, முறுக்கு, மூடு. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மிக்சியாக ஓட ஆரம்பித்து, ஹாலே சட்னி அரைக்கிற கல்யாண வீடு மாதிரி ஆனது. ஒவ்வொருவராகக் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

ஜன்னலோர மேசையில் ஒரு பெண் மட்டும் இன்னும் தொடங்கவே இல்லை. முகத்தில் அம்மைத் தழும்புகள் ஆறியும் ஆறாமலும் இருந்தன. மேசையில் ஒட்டியிருந்த பெயர் ஆவுடைச்செல்வி. அவள் முன்னால் இருந்தது மற்றவை போல பிளாஸ்டிக் மிக்சி இல்லை. ஸ்டீல் உடம்பு போட்ட, பழைய, பெரிய மிக்சி.

"ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. நான் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் மறுபடி கேட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல டீச்சர். யோசிச்சிட்டு இருக்கேன்."

தேர்வு ஹாலில் ஒரு பிள்ளை யோசிப்பதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தோன்றியது. முப்புடாதி அப்போதுதான் அந்த மிக்சியைக் கவனித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. அது அவர் வைத்த மிக்சி இல்லை. கூரையில் கேமராக்கள் இருந்ததால் அவரால் ஓரடி முன்னால் வர முடியவில்லை.

ஆவுடைச்செல்வி சுவிட்சைப் போட்டாள். மிக்சி சுற்றவில்லை, உறுமியது. உடனே அணைத்தாள். தலையைச் சாய்த்து, இடது காதை மிக்சியின் மேல்பக்கப் பிளாஸ்டிக் விளிம்பில் ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஒரு நொடி போட்டு அணைத்தாள். 'கரண்ட் வருது' என்று தனக்குத்தானே சொன்னாள். கழற்றினாள். கழற்றிய திருகாணிகளைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தண்டைக் கையால் சுற்றினாள், அது அசையவில்லை. எத்தனை வருடத்துத் தேங்காயோ, அடியில் சிமெண்ட் போல இறுகியிருந்தது. சுரண்டிச் சுரண்டி எடுத்து எண்ணெய் விட்டாள். மூடினாள். மிக்சி ஓடியது.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு வரவில்லை. புறங்கையை ஸ்டீல் உடம்பில் லேசாக வைத்தவள், சட்டென்று எடுத்தாள். அணைத்தாள். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள்.

பக்கத்து மேசைப் பையன் சிரிப்பை அடக்கினான். அவள் கவனிக்கவே இல்லை. ரொம்ப நேரம் தேடி, எலி கடித்துத் தோல் உரிந்த ஒயர் ஒன்று ஸ்டீலில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, மாற்றி, டேப் சுற்றி மூடினாள். மணி அடித்தபோது கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வெளியே போனதும் சத்துணவுக் கூடத்துச் சமையலர் மாடத்தியக்கா உள்ளே வந்தார்.

"முடிஞ்சிட்டா சார்? நம்ம மிக்சிய எடுத்துக்கிடட்டா?"

"ஓங்க மிக்சியா? இங்க எப்படி வந்துச்சு?" என்றார் முப்புடாதி.

"பரிச்சன்னா புள்ளைக மிக்சி ரிப்பேர் பண்ணும்னு சொன்னாங்க. அதான் காலம்பற கொண்டாந்து வச்சேன். அந்த மேசைல ரெண்டு கெடந்துதுன்னு பியூன் ஒண்ண எடுத்துட்டுப் போனாரு. ஏன் சார், வைக்கக் கூடாதா?"

அந்த ஊரில் இந்தத் தேர்வை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் மாடத்தியக்காதான். மிக்சியைத் தூக்கப் போனவர், சுவிட்சைப் போட்டு முதலில் ஒற்றை விரலால் தொட்டார், பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தார்.

"இது தொட்டா சுள்ளுன்னு அடிக்கும் டீச்சர். கரண்டிக் காம்பாலதான் சுவிச்சே போடுவேன். இப்பம் பாருங்க, அடிக்கவே மாட்டேங்கு!" என்று சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்.

மார்க் வந்தது. முப்பத்தொன்பது பேருக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆவுடைச்செல்விக்கு முப்பத்தொன்று. ஐம்பது வாங்கினால்தான் தேர்ச்சி.

தலைமையாசிரியர் அறையில் இருந்த திரையைப் பார்த்து நான் கேட்டேன். கண்ணாயிரத்தோடு பேசலாம். அது பாடப்புத்தகத் தமிழில் பதில் சொல்லும்.

"ஜன்னலோரம் இருந்த பிள்ளைக்கு ஏன் முப்பத்தொன்று?"

"பொருள் இறுதியில் இயங்கியதால் 'முடிவு' என்ற தலைப்பில் முழு மதிப்பெண் வழங்கப்பட்டது. கை ஓட்டம், வேகம், தன்னம்பிக்கை ஆகியவற்றில் மிகக் குறைவு. அந்தக் கைகள் தேடின."

"தேடினால் தப்பா?"

"தேர்ந்த கைகள் தேடுவதில்லை. உயர் மதிப்பெண் பெற்ற கைகள் அனைத்தும் நேராகப் பழுதுக்குச் சென்றிருக்கின்றன."

"அதெல்லாம் ஏன் நேராகப் போனது தெரியுமா?"

"திறமையால்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஆரம்பத்தில் யாருடைய கையை வைத்து உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்றேன்.

"முதல் ஆண்டில் கடை வைத்திருந்த மெக்கானிக்குகளின் கைகள் மாதிரியாக இருந்தன. மாணவர்களோடு ஒப்பிடும்போது அவை மெதுவானவை. அவையும் தேடின. எனவே நீக்கப்பட்டன."

தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார். முப்புடாதி சுவரைப் பார்த்து நின்றார்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதது இல்ல" என்றார் தலைமையாசிரியர். "நா பழுது போடலேன்னா அடுத்த ஊர்ல போடுதான். அவன் புள்ள தொண்ணூத்தஞ்சு வாங்கும், எம் புள்ள நாப்பது வாங்கும். கம்பெனிக்காரன் ரெண்டு மார்க்கையும் பக்கத்துல வச்சித்தான பாப்பான்? ஒங்களுக்கு நிராகரிக்க உரிமை இருக்கு. நிராகரிச்சீங்கன்னா மொத்த ஹாலுக்கும் மறுதேர்வு, மாவட்டத்துலருந்து சாமான் வரும். அதுக்குள்ள ஜூன் முடிஞ்சிரும். நாப்பது புள்ளைக்கும் இந்த வருசத்து வேல போயிரும், ஆவுடைக்கும் சேத்துத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வெளியே வந்து ஆவுடைச்செல்வியைத் தேடினேன். சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"நா பயிற்சிக்கு வரல டீச்சர். அம்மை போட்டிருந்துது. எந்த மேசைக்கு எந்தப் பழுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் தேடுனேன்."

"அப்படியே தெரிஞ்சிருந்தாலும் அது வேற மிக்சிம்மா."

"அப்படியா?" என்று நிமிர்ந்தவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. "அப்பம் அது நெசமாவே பழுதா?"

மெட்ராஸில் ஒரு லிஃப்ட் கம்பெனி அவளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. ஜூனில் சான்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்டில் மாட்டிக்கொண்டாளாம். இடுப்பில் கருவிப் பையோடு ஓர் அக்கா வந்து மேலே ஏறி அதை இறக்கினார்களாம். அன்றைக்கே முடிவு பண்ணிய வேலை அது என்றாள்.

அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்படியே ஒப்புதல் போட்டால் அவள் செப்டம்பரில் மறுபடி எழுதலாம், ஆனால் அந்த முப்பத்தொன்று சான்றின் பின்பக்கம் ஆயுசுக்கும் இருக்கும், எல்லாக் கம்பெனியும் பார்க்கும். நிராகரித்தால் நாற்பது பேருக்கும் ஜூன் போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லி, யாரும் உபயோகிக்காமல் விட்ட உரிமை. ஓர் எக்ஸ்டர்னல் வருடத்துக்கு ஒரே ஒரு பதிவை 'முன்மாதிரி' என்று குறிக்கலாம். அது கண்ணாயிரத்தின் உள்ளே போய்விடும். மனிதக் கண் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்பதால், ஆயிரம் முதலிடக்காரர்களைவிட அதற்கு எடை அதிகம். ஆனால் முன்மாதிரிக்கு மார்க் கிடையாது. அந்தப் பிள்ளை அந்த வருடம் தேர்வே எழுதவில்லை என்று கணக்கு, மறு வருடம்தான் எழுத முடியும். எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்?

"முப்பத்தொண்ணு இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருக்காது. ஒண்ணுமே இருக்காது. ஒரு வருஷம் போயிரும்."

யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது.

"நா சரியாத்தான செஞ்சேன் டீச்சர்? சரியாச் செஞ்சதுக்குப் பக்கத்துல முப்பத்தொண்ணுன்னு இருக்க வேண்டாம். வருசம் போனாப் போட்டும்."

அம்மாவை வரவழைத்து, அவரும் அழுதுகொண்டே தலையாட்டிய பிறகு, அவள் பதிவை முன்மாதிரி என்று குறித்து, மற்றவர்களின் மார்க்குக்கு ஒப்புதலாக நான் கட்டைவிரல் வைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. நிஜத்தைச் சொன்னால், அந்த நினைப்பு ஒரு வருடம் முழுக்க நன்றாகவே இருந்தது.

மறு வருடம் கோவில்பட்டி பக்கம் போட்டார்கள். அதற்கு முன்பே சுற்றறிக்கை வந்திருந்தது. தேர்வில் 'தேடல் திறன்' என்று புதுத் தலைப்பு, நாற்பது மார்க். கூடவே, பெயர் போடாமல், ஆவுடைச்செல்வியின் பதிவிலிருந்து எடுத்த படங்கள். கண்ணாயிரம் கற்றுக்கொண்டது! என் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் 'தேடுவது எப்படி, படங்களுடன்' என்று ஒரு நோட்ஸ் தொங்கியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இளநீர் ஆயிற்று. ஹாலுக்குள் போனேன். தூசி படிந்த மிக்சிகள், மின்னும் திருகாணிகள். மணி அடித்தது.

நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தார்கள். நாற்பது இடது காதுகள் நாற்பது மிக்சிகளில் ஒட்டின. நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். சிலர் 'கரண்ட் வருது' என்றுகூடச் சொன்னார்கள். பிறகு கழற்றி, திருகாணிகளைத் துணியில் முடிந்தார்கள், பையன்கள் அதற்கென்றே ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவந்திருந்தார்கள். இங்கே தொட்டு, அங்கே தொட்டு, உதட்டைப் பிதுக்கி, தண்டைச் சுற்றிப் பார்த்து, ஓடவைத்து, புறங்கை வைத்து, சட்டென்று எடுத்து, மறுபடி கழற்றி, கடைசியில் முதலிலேயே தெரிந்த பழுதில் போய்க் கைவைத்தார்கள். ஓர் ஆசிரியர் மேசைகளைத் துடைத்துக்கொண்டே நடந்தார். போகிற போக்கில் அவர் வாயிலிருந்து, "இடது, இடது" என்று உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அதனால்தான் அந்தப் பெண் கண்ணில் பட்டாள்.

ஜெபசீலி என்று மேசையில் எழுதியிருந்தது. எல்லோரையும் போல இடது காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தவள், கண்ணைத் திறந்தாள். நெற்றி சுருங்கியது. தலையைத் தூக்கி, மிக்சியை லேசாக ஒருமுறை ஆட்டினாள். பிறகு மெதுவாகத் திரும்பி வலது காதை வைத்தாள்.

"இடது" என்றார் துடைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் சத்தமாக. அவளுக்கு அது விழவில்லை. அவள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்று கை தூக்கினாள். "உள்ள வேற என்னமோ சத்தம் வருது. பாத்துட்டுச் செய்யட்டா?"

"பாரும்மா."

ரொம்ப நேரம் பார்த்தாள். மோட்டாரின் அடியில், செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில், ஒரு திருகாணி உருண்டுகொண்டிருந்தது. பழுது போடும்போது யாரோ தவறவிட்டது. அப்படியே ஓடவிட்டிருந்தால் சுருளையே கிழித்திருக்கும். அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள். துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்திவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் மார்க் வந்தது. ஜெபசீலிக்கு முப்பத்தொன்பது. கீழே காரணம் இருந்தது: முன்மாதிரியிலிருந்து விலகல். காது, வலது.

நான் பள்ளி வராந்தாவில் நின்று ஆவுடைச்செல்விக்கு ஃபோன் பண்ணினேன். மறுபடி எழுதுகிறவள் என்பதால் தனியறையில் வைத்து, அவளுக்கு அந்த வாரம்தான் தேர்வு முடிந்திருந்தது.

"அம்பத்திநாலு டீச்சர்! பாஸ். லிஃப்ட் கம்பெனில வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "ஆனா தேடல் போதாதுன்னு போட்டிருக்கு. என்னத்தத் தேடச் சொல்லுது? ஒரு வருசமா ரிப்பேர் கடைல தெனமும் மிக்சியத்தான பிரிக்கேன். தூக்கும்போதே தெரிஞ்சிருது."

நான் கோவில்பட்டி ஹாலில் பார்த்ததைச் சொன்னேன். கைக்குட்டை முடிச்சு, புறங்கை, கண்ணை மூடுவது. கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நாற்பது இடது காதுகளைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"எதுக்கு எல்லாரும் இடது காத வைக்காங்க?"

"நீ வச்சியே, அதான்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு வலது காது கேக்காது டீச்சர். சின்னதுல சீழ் வச்சு அடைச்சிட்டு. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஹாலில் ஒரு பக்கம் நின்று கேட்டபோது அவள் பதில் சொல்லாததும், சுற்றி வந்து கேட்டதும் திடுக்கிட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நான் பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு முழுக்க நல்ல காது உள்ள பிள்ளைகள், ஒரு கேட்காத காதுக்காகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபசீலியைப் பற்றியும் சொன்னேன். வலது காது, உருண்ட திருகாணி, முப்பத்தொன்பது.

"அந்தப் புள்ள கிட்டயும் ஒரு வருசத்தக் கேக்கப் போறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "கேளுங்க. ஆனா அடுத்த வருசம் வலது காதுன்னு நோட்ஸ் வரும். அதையும் சொல்லிருங்க."

ஃபோனை வைத்துவிட்டு அந்த ஊர்த் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஒப்புதல், முன்மாதிரி, நிராகரிப்பு. தலைமையாசிரியர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகளின் ஜூன் மாதம் அந்த விரலில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. போன வருடம் இந்தப் பயத்தின் விலையை ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, பெரிய மனசுக்காரியாக பஸ் ஏறிப் போனவள் நான்.

"டீச்சர், வேண்டாம்" என்றார் அவர். "சொன்னாக் கேளுங்க."

நிராகரிப்பில் கட்டைவிரலை வைத்தேன். கண்ணாயிரம் காரணம் கேட்டது. 'இந்த ஹாலில் எந்த மிக்சியும் தானாகப் பழுதாகவில்லை' என்று எழுதினேன். 'மறுதேர்வுக்கு மாவட்டத்திலிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம். ஊர்க்காரர்களே வீட்டில் கெட்டுப்போனதைக் கொண்டுவரட்டும். என் பள்ளியிலும் அப்படியே நடக்கட்டும்.'

வெளியே வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. வராந்தாவில் நின்ற ஆசிரியர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் காத்திருந்த அம்மாக்களும் அப்பாக்களும் கொலைகாரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "ஒங்க பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

வேப்பமரத்தடியில் ஜெபசீலி நின்றிருந்தாள். கையில் அந்தத் திருகாணி இருந்தது. நான் எதிரே போய், அவள் முகத்தைப் பார்த்து நின்றேன்.

"மறுபடி எழுதணுமாமே டீச்சர்."

"ஆமாம்மா. இந்தத் தடவ எதுல என்ன பழுதுன்னு ஒங்க சாருக்கும் தெரியாது."

அவள் திருகாணியை உள்ளங்கையில் உருட்டினாள். பயமும் ஆசையும் ஒன்றாகத் தெரிந்தன அந்த முகத்தில்.

"அப்பம் எந்தக் காத வைக்கணும் டீச்சர்?"

"ஒனக்கு எது நல்லாக் கேக்குதோ, அத வையி" என்றேன்.